வலது பக்கத் தட்டில் வைத்த கட்டு

எங்கள் பதிப்பகத்தில் இப்போது அச்சுப் படிகளைக் கணினி வாசிக்கிறது. நல்ல குரல்தான், குறை சொல்லமாட்டேன். அதற்குத் தடுமல் பிடிக்காது, சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகாது, லீவும் கேட்காது. என் கதிரையில் இப்போது இருக்கும் கியாரா என்ற பிள்ளை போன கிழமை எனக்குப் போன் எடுத்தாள்.

"தவா, ஒரு கேள்வி. கணினி வாசிச்சு முடிச்சால், கட்டைத் தட்டிலை வைக்கிறது ஆர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இளைப்பாறிய பிறகு என்னிடம் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி இதுதான். மற்றவர்கள் எல்லாம் முழங்கால் எப்படி, பென்சன் வருகிறதா என்றுதான் கேட்கிறார்கள். அவளுக்குப் போனில் சொன்ன பதில் போதாது என்று பட்டதால் இதை எழுதுகிறேன். இதில் வரும் பேச்சில் முக்கால்வாசி இத்தாலிய மொழியில் நடந்தது. ஆனால் என் நினைவில் எல்லாரும் எங்கள் பேச்சில்தான் கதைக்கிறார்கள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

நான் இந்த வேலைக்குப் படித்து வந்தவள் இல்லை. பலெர்மோவுக்கு வந்த எங்கள் பெண்கள் எல்லாரையும் போலத்தான் நானும் வீட்டு வேலைக்குப் போனேன். பெர்மெசோ என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில் காத்து நின்ற கதையை இங்கே விரிக்கப்போவதில்லை, அது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. பொலிதேயாமா பக்கம் ஒரு வீட்டில் கண் தெரியாத ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். அவவுக்குத் தினமும் பத்திரிகை வாசிக்க வேண்டும். எனக்கு மொழி அரைகுறை என்பதால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரியாது. அதனால் ஒன்றையும் விடாமல் வாசித்தேன். மரண அறிவித்தல், சவர்க்கார விளம்பரம், அச்சுப்பிழை, எல்லாவற்றையும்தான்.

அந்த அம்மாவின் மகள்தான் சிஞ்ஞோரா ரொசாலியா; சிஞ்ஞோரா என்பது அங்கே பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். பலெர்மோவைக் காக்கிற புனிதையின் பெயர் அவவுக்கு இருந்ததால், அந்தப் புனிதையின் மலைக்கோயிலுக்கு நடந்து போகிற எங்கள் ஆட்களுக்கு அவவைக் காணாமலே ஒரு பக்தி இருந்தது. கண்டவர்களுக்குப் பயம் வந்தது. கால்சாவில் தகப்பன் விட்டுப்போன சின்னப் பதிப்பகத்தை அவ நடத்திக்கொண்டிருந்தா. ஒரு நாள் வாசலில் நின்று நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டுச் சொன்னா:

"எங்கடை ஆக்கள் தாளிலை என்ன இருக்க வேணுமோ அதை வாசிக்கினம். நீர் என்ன இருக்குதோ அதை வாசிக்கிறீர். நாளைக்குக் கால்சாவுக்கு வாரும்."

அப்படித்தான் நான் பதிப்பகத்துக்குப் போனேன். இளைப்பாறும்வரை அங்கேதான் இருந்தேன்.

வேலை இதுதான். அச்சுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்தையும் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். இன்னொருவர் மூலப் பிரதியைக் கையில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். வாசிப்பது நான், பார்ப்பது சிஞ்ஞோரா. சொற்களை மட்டும் வாசித்தால் போதாது. காற்புள்ளி வந்தால் "விர்கோலா", வசனம் முடிந்தால் "புந்தோ", பந்தி மாறினால் "ஆ காப்போ" என்று ஒவ்வொன்றையும் வாயால் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். எனக்கு அது பாட்டுப் போல ஆகிவிட்டது. ஒரு நாள் என் மகளை ஏசும்போது நடுவில் "விர்கோலா" என்று சொல்லிவிட்டேன். அவள் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி என்னை இன்றும் வதைக்கிறாள்.

பின் அறையில் இரண்டு கதிரை, ஒரு மேசை. ஒழுங்கையில் மீன் விற்பவன் கத்துவான் என்பதால் யன்னல் எப்போதும் பூட்டு. தண்ணீர் குடிக்கலாம், கோப்பி கூடாது. கோப்பி குடித்தால் வேகம் வந்துவிடும் என்று சிஞ்ஞோரா நம்பினா. பிழை கண்டால் வாய் திறக்கமாட்டா, மோதிர விரலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவா. நான் நிறுத்தி அந்த வசனத்தை முதலில் இருந்து வாசிக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது: உணர்ச்சி காட்டக்கூடாது. முதல் கிழமையிலேயே, ஒரு பிள்ளை சாகிற இடத்தில் என் குரல் இறங்கியபோது மேசையில் தட்டு விழுந்தது. எங்கே பிழை என்று தேடினேன். பிழை என்னில்தான்.

"நீர் அழுதால் காற்புள்ளி துலைஞ்சு போகும். அழுறது வாசகற்றை வேலை. அதை நீர் பறிக்காதையும்."

அவ பாராட்டி நான் கேட்டதில்லை. ஆனால் என்னை அறிமுகப்படுத்தும்போது "என்ரை வாசிப்பாளர்" என்று சொல்லுவா, உதவியாளர் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதைக் கேட்கும்போது எனக்கு முதுகு தானாக நிமிரும். பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

இனிக் கியாரா கேட்ட தட்டு. முன் அறையில் கதவின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய புத்தகத் தட்டுகள். இடது பக்கம் சாட்சியங்கள், அதாவது நடந்ததைச் சொல்லும் புத்தகங்கள். வலது பக்கம் கற்பனை. சிஞ்ஞோராவின் தகப்பன் வைத்துவிட்டுப் போன வழக்கம் ஒன்று உண்டு. வாசிப்பு முடிந்த நாளில், வாசித்தவரே அந்தத் தாள் கட்டைத் தூக்கிப்போய், அது எந்தப் பக்கப் புத்தகமோ அந்தத் தட்டில் வைக்க வேண்டும். வேறு யாரும் அதை நகர்த்தக்கூடாது. அட்டையும் பெயரும் அதன்படிதான் வரும். பதிப்பாசிரியர்கள் ஆசையில் தங்களையே ஏமாற்றுவார்கள், ஒவ்வொரு புள்ளியையும் சொன்ன வாய் ஏமாற்றாது என்பது அந்த மனிதரின் எண்ணமாம். என் காலத்தில் அது வெறும் சடங்காகத்தான் இருந்தது. சமையல் புத்தகத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு முறை சிரித்தோம், அவ்வளவுதான்.

அதன் பிறகு ராவியா வந்தா.

ராவியா பலஸ்தீனப் பெண். நாற்பது வயது இருக்கும். பலெர்மோவில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்துகொண்டு இரவில் அரபு மொழியில் கதை எழுதினா. ஒரு மொழிபெயர்ப்பாளர் அதை இத்தாலிய மொழிக்கு மாற்றியிருந்தார். அது அவவின் முதல் புத்தகம். அந்த மாதங்களில் அவவின் ஊர்ப்பக்கம் தினமும் தொலைக்காட்சியில் எரிந்துகொண்டிருந்தது. சிஞ்ஞோரா உள்ளே போனில் கதைத்துக்கொண்டிருக்க, நான் அவவுக்குத் தேத்தண்ணி கொடுத்து, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவ சொல்லத் தொடங்கினா.

"எங்கடை தெரு முடிவிலை ஒரு வாசல். அங்கை ஆளைப் பாக்கிறேல்லை, குரலைத்தான் பாக்கிறது. ஒரு மெசின் குரலைக் கேட்டுத்தான் கதவைத் திறக்கும். தெருவிலை அத்தைக்கு மட்டும்தான் அனுமதி. அதாலை தெருவே அத்தையின்ரை குரலிலை கதைக்கப் பழகுது. ஆம்பிளையள், பிள்ளையள், எல்லாரும். எல்லாரும் போய் வருகினம். ஒரு நாள் அத்தை போறா. மெசின் அத்தையை மறிச்சுப்போடுது. இது அத்தையின்ரை குரல் இல்லையாம்."

வவுனியாவுக்கு அங்கால் சோதனைச்சாவடியில் என் அக்காவை இறக்கி வைத்திருந்த மத்தியானம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ராவியாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயோ பிள்ளை, பிறகு அத்தையை விட்டவங்களோ? இப்ப எங்கை இருக்கிறா?"

ராவியா என் முகத்தைப் பார்த்துச் சொன்னா.

"சிஞ்ஞோரா, அந்த அத்தை இன்னும் பிறக்கேல்லை. கதை நடக்க இன்னும் எழுபது எண்பது வருசம் கிடக்கு."

பிறகு இரண்டு பேரும் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரும்வரை. குரலைக் கேட்டுக் கதவு திறக்கும் மெசின் என்று ஒருவர் சொல்லும்போது, இது எங்கே நடந்தது, விட்டார்களா என்று கேட்பது எங்கள் ஆட்கள் மட்டும்தான் செய்யக்கூடிய பிழை. வேறு எவரும் ஆரம்பத்திலேயே கதை என்று பிடித்திருப்பார்கள். எங்களுக்கு வாசல் என்றால் நடந்ததுதான்.

அந்தப் புத்தகத்தை வாசித்த நாட்கள் என் வேலைக் காலத்தின் மிகச் சிறந்த நாட்கள். கடைசிக் கதை பறக்கும் தோட்டம். ஒரு கிராமத்தின் காணியைச் சட்டம் போட்டு எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தில் மண் என்று எழுதியிருக்கிறது, காற்று என்று எழுதவில்லை. சனங்கள் தோடை மரங்களை, அதாவது ஒரேஞ்சு மரங்களை, வேரோடு எடுத்து, தங்கள் தங்கள் காணிக்கு நேர் மேலே, ஆகாயத்தில் நட்டுவிடுகிறார்கள். கீழே ஒரு கயிறு மட்டும் தொங்கும். அதிகாரிகள் ஒவ்வொரு வருடமும் வந்து, நிலத்தில் ஒருவரும் இல்லை என்று எழுதிக்கொண்டு போவார்கள். தலைக்கு மேலே பிள்ளைகள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருப்பார்கள். தோல் அதிகாரியின் தொப்பியில் விழும்.

நான் சிஞ்ஞோராவின் சட்டப்படி உணர்ச்சி இல்லாமல் வாசித்தேன். விர்கோலா, புந்தோ, ஆ காப்போ. இரண்டு பக்கம் போய்விட்டது, மேசையில் ஒரு தட்டும் இல்லை. எனக்கே தெரிந்த ஒரு பிழை இருந்தது, தொப்பி என்ற சொல் இரண்டு முறை அச்சாகியிருந்தது. அதற்கும் தட்டு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சிஞ்ஞோரா தாளைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"எங்கை விட்டனாங்கள்?" என்று கேட்டா, மெல்லமாக. அவவுக்கு இடம் தவறியதை நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

வாசிப்பு முடிந்த நாள் ராவியாவும் வந்து ஓரமாக இருந்தா. நான் தாள்களை அடுக்கிக் கட்டினேன். அப்போதுதான் சிஞ்ஞோரா அட்டைப் படத்தை மேசையில் வைத்தா. உடைந்த சுவர், அதற்கு முன்னால் வெறுங்காலுடன் ஒரு பிள்ளை. கீழே சிவப்பு எழுத்தில் "சாட்சியங்கள்".

ராவியா அதைக் கையில் எடுத்துப் பார்த்தா.

"இதிலை சுவர் உடைஞ்சு கிடக்கு. என்ரை கதையளிலை ஒரு சுவரும் உடையேல்லை. மரம்தான் பறக்குது."

சிஞ்ஞோரா பொய் சொல்லும் ஆள் இல்லை. நேராகவே சொன்னா. "கடையளுக்குப் புத்தகம் அனுப்பிற ஆள் சாட்சியம் எண்டால் நிறைய எடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டார். அங்கையிருந்து வாற கற்பனையை இஞ்சை ஒருத்தரும் தேடி வாங்கமாட்டினமாம். உங்கடை ஊரிலை இப்ப நடக்கிறதைச் சனம் கேக்க நினைக்குது. உங்கடை நன்மைக்கும்தான்."

"சாட்சியம் எண்டு போட்டால் நான் பொய் சொன்னவள் ஆகிடுவன். நான் இதிலை ஒண்டையும் காணேல்லை. எல்லாம் நான் யோசிச்சது. எங்கடை ஆக்கள் செத்ததைச் சொன்னால் கேக்கிறியள். நாங்கள் நாளைக்கு என்ன செய்வம் எண்டு யோசிச்சதைச் சொன்னால் அதையும் செத்த வீட்டுக் கதையாக்கிறியள். அப்பிடியெண்டால் புத்தகம் வேண்டாம். தாளைத் தாங்கோ."

அவ சும்மா மிரட்டவில்லை. கைப்பையைத் தோளில் போட்டுவிட்டா, கையையும் நீட்டிவிட்டா. அவவின் அத்தனை இரவுகளும் என் கையில் கட்டாக இருந்தன.

எனக்கு வேறொரு அறை ஞாபகம் வந்தது. நானும் கணவரும் இந்த நாட்டில் இருக்க அனுமதி கேட்டு இருந்த விசாரணை அறை. அங்கே நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். திகதி ஒன்று மாறினால் பொய்யர். அழாமல் சொன்னால் பொய்யர். அங்கே கேட்டதெல்லாம் எங்களுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான். இனி என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் அவருக்கும் சொல்ல எவ்வளவோ இருந்தது. எங்களைப் போன்றவர்கள் பட்டதைச் சொல்ல மட்டும் பிறந்தவர்கள் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். ராவியாவின் அட்டையைப் பார்த்தபோது அந்தக் கோபம் அப்படியே ஏறியது.

"தவா, கட்டை வையும்" என்றா சிஞ்ஞோரா. கண் முன் அறையின் இடது பக்கத்தைக் காட்டியது.

நான் முன் அறைக்குப் போனேன். இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள். கட்டை வலது பக்கத் தட்டில் வைத்தேன்.

"அது இல்லை, மற்றப் பக்கம்."

"சிஞ்ஞோரா, ஒவ்வொரு புள்ளியும் நான் சொன்னனான். இதிலை நடந்தது எண்டு ஒண்டும் இல்லை. இது வலது பக்கப் புத்தகம்."

"நான் அந்த ஆளுக்குச் சொல்லிப்போட்டன்."

"உங்கடை அப்பா அந்த ஆளைக் கேட்டு வைக்கச் சொல்லேல்லை. வாசிச்சவளைத்தான் வைக்கச் சொன்னவர்."

அவவின் முகம் சிவந்தது. தன் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினா. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ராவியா என் தோளைத் தொட்டுவிட்டு, தாள்களைக் கேட்காமலே போனா.

கட்டு அங்கேயே கிடந்தது. நானும் சிஞ்ஞோராவும் பின் அறையில் வேறு புத்தகம் வாசித்தோம். வேலையைத் தவிர ஒரு சொல் இல்லை. மேசையில் விழுந்த தட்டுகள் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாக விழுந்தன. ஒரு காலை நான் வந்தபோது அவ அந்தத் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தா.

"மாத்துவீரோ?"

"மாட்டன், சிஞ்ஞோரா. மாத்த வேணுமெண்டால் நீங்கள் மாத்துங்கோ."

அவ கையை நீட்டினா. கட்டு கொஞ்சம் சரிந்து கிடந்தது. அதன் விளிம்புகளை இரண்டு கையாலும் தட்டி நேராக்கி, அதே இடத்தில் வைத்துவிட்டு, "அட்டைக்கு ஒரு தோடை மரம் வேணும், ஆரைப் பிடிக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனா. அன்று போனில் அந்த விநியோக ஆளோடு அவ பிடித்த சண்டை ஒழுங்கை மீன்காரனுக்கும் கேட்டிருக்கும். அவர் எடுப்பதாகச் சொன்னதில் பெரும் பகுதியைக் குறைத்துவிட்டார். சிஞ்ஞோரா அதற்காக என்னை ஒரு நாளும் குத்திக் கதைக்கவில்லை. அப்படி ஒருவரின் கீழ் வேலை செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்லுவேன்.

கியாராவுக்கு நான் சொன்ன பதிலும் இதிலிருந்து வந்ததுதான். வாசிக்கிறது கணினி என்றாலும் கேட்கிறது நீர். முழுக்கக் கேட்ட நீரே வையும். பிறகு யார் வந்து முறைத்தாலும் எடுத்து மற்றப் பக்கம் வையாதையும்.

புத்தக வெளியீடு கால்சாவில் ஒரு பழைய மாளிகையின் கீழ் மண்டபத்தில் நடந்தது. என் கணவர் சிவநேசனுக்கு நகர ஓரத்துச் சியாகுல்லியில் மண்டரின் தோடைத் தோட்டத்தில் வேலை. புத்தகம், கூட்டம் என்றால் அவருக்குக் கொட்டாவிதான் வரும். நான் விடாமல் கதையை வீட்டில் சொல்லியிருந்ததால், வேலை முடித்து, கழுவியும் மண் போகாத சப்பாத்தோடு வந்து கடைசி வரிசையில் இருந்தார். அவருடைய தகப்பனின் காணி வன்னியில் ஆமி போட்ட முள்ளுக்கம்பிக்குள் கிடக்கிறது. அதைப் பற்றி அவர் கதைப்பதே இல்லை. கதைத்தால் அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார்.

ராவியா பறக்கும் தோட்டத்தை வாசித்தா. பிறகு கேள்விகள். நல்ல சனங்கள்தான், இரக்கத்தோடுதான் கேட்டார்கள். உங்கள் வீடு இருக்கிறதா, குடும்பத்தில் யாரை இழந்தீர்கள், செய்தி பார்க்கும்போது எப்படி இருக்கிறது. ராவியா எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னா. ஒவ்வொரு பதிலுக்கும் அவவின் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. பறக்கும் மரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அட்டையை மாற்றி என்ன பிரயோசனம் என்று நான் மனம் வெந்துகொண்டிருந்தபோது, பின்னால் கதிரை தரையில் உரசிய சத்தம் கேட்டது. சிவநேசன் எழும்பி நின்றார். அவருக்குத் தெரிந்தது தோட்டத்தில் பழகிய இத்தாலிய மொழிதான்.

"சிஞ்ஞோரா, மேலை இருக்கிற மரத்துக்குத் தண்ணி எப்பிடிப் போகுது?"

ஒரு சிலர் சிரித்தார்கள். ராவியா சிரிக்கவில்லை. ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினா. அவவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"கயிறு இருக்கெல்லோ, அது சும்மா கயிறு இல்லை, திரி. விளக்குத் திரி எண்ணெய் இழுக்கிற மாதிரிக் கீழை கிணத்திலையிருந்து இழுக்கும்."

"அவ்வளவு உயரத்துக்கு இழுக்காது."

"ராவிலை பனியும் இறங்குமெல்லோ? இலையைக் கிண்ணம் மாதிரி மடிச்சு வைச்சிருக்கிறன்."

"காய் பிடிக்கிற மாதத்திலை பனி போதாது. நடுவழியிலை ஒரு தொட்டி வேணும்."

"தொட்டியைத் தூக்கி வைக்கிறது எதிலை?"

இரண்டு பேரும் மண்டபத்தின் இரண்டு முனையில் நின்று வாதாடினார்கள். வேர் எவ்வளவு மண் சுமக்கும், காற்றில் காய் உதிருமா, கிணறு யாருடைய காவலில் இருக்கிறது. பிறகு மற்றவர்களும் கைகளை உயர்த்தினார்கள். ஒரு அம்மா தேனீ அவ்வளவு உயரத்துக்கு வருமா என்று கேட்டா. குரல் மெசினுக்குத் தடுமல் பிடித்தவனைத் தெரியுமா என்று இன்னொருவர் கேட்டார். ராவியா கைகளை வீசி வீசிப் பதில் சொன்னா. முன் வரிசையில் இருந்த சிஞ்ஞோரா ரொசாலியா திரும்பி என்னைப் பார்த்து, மோதிர விரலால் கதிரைக் கையில் ஒரு தட்டுத் தட்டினா. பிழைக்குத் தட்டுகிற அதே தட்டுத்தான், ஆனால் சிரித்துக்கொண்டு.

வீட்டுக்குப் போக நானும் அவரும் பஸ்சுக்கு நின்றோம். அவர் பையிலிருந்து ஒரு மண்டரின் எடுத்து உரித்துப் பாதியை எனக்குத் தந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் வாய் திறந்தார்.

"இஞ்சாரும், தொட்டி ஒண்டு வைச்சால் தண்ணி ஏறும்."

"ஓம், ஏறும்."

தோலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"மரம் முள்ளுக்கம்பிக்கு மேலாலை போயிடும், என்ன?"